புது ஹார்டு டிஸ்க்கை எத்தனையாகப் பிரிப்பது?

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். கம்ப்யூட்டரில் புதிதாக 2 டிபி ஹார்டு டிஸ்க் மாட்டியிருக்கிறானாம். டிஸ்க்கைப் பிரிக்க விண்டோஸே தரும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் நீளமாக ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே 1863 ஜிபி என்று எழுதியிருக்கிறது.

"மாமா, இதை நாலாப் பிரிக்கட்டுமா, அஞ்சாப் பிரிக்கட்டுமா?"

"ஏன், பிரிக்காமலே விட்டா என்ன?"

"அது எப்படி மாமா? படம், பாட்டு, போட்டோ, படிப்பு எல்லாம் தனித்தனியா இருக்க வேண்டாமா?"

மீதி 137 ஜிபி எங்கே போனது என்று அவன் கேட்காததுதான் ஆச்சரியம். அது எங்கேயும் போகவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 2 டிபி என்கிறார்கள். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024 ஆல் வகுத்து 1863 என்கிறது. இரண்டும் ஒரே அளவுதான். ஆனால் எந்த டிரைவுக்கு எத்தனை ஜிபி என்று கணக்குப் போடும்போது 2000 என்று வைத்துப் போட்டால் கடைசி பார்ட்டிஷன், அதாவது கடைசித் துண்டு, இளைத்துவிடும்.

படத்துக்கு ஒரு டிரைவ், பாட்டுக்கு ஒரு டிரைவ் என்ற ஆசை எனக்கும் இருந்தது. என் பழைய கம்ப்யூட்டரில் சி முதல் ஜி வரை ஐந்து டிரைவ். பார்க்க அழகாக இருக்கும். ஒருநாள் சி டிரைவின் பட்டை சிவப்பாகி, 2 ஜிபிதான் மிச்சம் என்று எச்சரிக்கை வந்தது. அப்போது 'பாட்டு' என்று பெயர் வைத்த எஃப் டிரைவில் 90 ஜிபி சும்மா கிடந்தது. டிஸ்க் ஒன்றுதான், ஆனாலும் அந்த 90 ஜிபியை சி டிரைவுக்குத் தர முடியவில்லை. பாகப்பிரிவினை ஆன வீட்டில் அண்ணன் பங்கு காலியாகக் கிடந்தாலும் தம்பி அங்கே கட்டில் போட முடியாது இல்லையா, அந்தக் கதை.

பார்ட்டிஷன் போடுவது என்றால், எதற்கு எவ்வளவு இடம் தேவைப்படும் என்று மூன்று நான்கு வருடம் முன்கூட்டியே ஊகித்துச் சுவர் எழுப்புவது. ஊகம் தப்பினால் ஒரு பக்கம் நெரிசல், இன்னொரு பக்கம் வெற்றிடம். ஐந்து டிரைவ் என்றால் நாலு ஊகம், நாலும் சரியாக வர வேண்டும். எனக்கு ஒன்றுகூடச் சரியாக வந்ததில்லை. அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு சுவருக்கும் ஒரு காரணம் கேட்கிறேன். காரணம் சொல்ல முடியாத இடத்தில் ஃபோல்டர் போதும்.

பழக்கம் வந்த வழி

நாம் டிஸ்க்கைத் துண்டு போட்டுப் பழகியதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணங்கள் இருந்தன. டாஸ், தொடக்ககால விண்டோஸ் 95 நாட்களில், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க இருந்த ஃபேட்16 முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினால் வெட்டியே ஆக வேண்டும். போதாததற்கு, பார்ட்டிஷன் பெரிதாக ஆக, அது இடம் ஒதுக்கும் கட்டமும் பெரிதாகும். 1 ஜிபிக்கு மேல் போனால் ஒரு கட்டம் 32 கேபி. நாலு வரிக் கடிதம் ஒன்றைச் சேமித்தாலும் 32 கேபி போய்விடும். அதே டிஸ்க்கை 512 எம்பி துண்டுகளாக வெட்டினால் கட்டம் 8 கேபியாகச் சுருங்கும். வெட்டினால் இடம் மிச்சமான காலம் அது.

1996 இல் ஃபேட்32 வந்தது, அப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு என்டிஎஃப்எஸ் வந்தது. என்டிஎஃப்எஸ்ஸில் 16 டிபி வரை வழக்கமான கட்டம் 4 கேபிதான். முழு டிஸ்க்கையும் ஒன்றாக வைத்தாலும் நஷ்டம் இல்லை. பழைய காரணங்களில் ஒன்று மட்டும் பாதி உயிரோடு இருக்கிறது: விண்டோஸ் கெட்டுப்போனால் சி டிரைவை ஃபார்மேட் அடித்துவிட்டு, டி டிரைவில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது.

அதை எடைபோடுவதற்கு முன்னால் ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் ஒதுக்கிவிடுவோம். "போட்டோவை எல்லாம் டி டிரைவில் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று சொல்பவர்கள் நிறைய. சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருந்தால் அது பேக்கப் ஆகாது. ஒரே மோட்டார், ஒரே சர்க்யூட் பலகை, ஒரே ஊசிக்கூட்டம். டிஸ்க் ஒருநாள் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் இரண்டு டிரைவும் சேர்ந்தே போகும். பார்ட்டிஷன் காப்பாற்றுவது நம்முடைய ஃபார்மேட்டிலிருந்து மட்டும்தான், டிஸ்க்கின் சாவிலிருந்து இல்லை. பேக்கப்புக்கு வேறொரு டிஸ்க் வேண்டும், அதில் மாற்று யோசனை கிடையாது.

ஒன்றாகவே விடுவது

256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்று மட்டும் இருக்கும் லேப்டாப்புக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதுதான். இருக்கிற இடமே கொஞ்சம். அதை 120, 350 என்று பிரித்தால் ஆறு மாதத்தில் சி டிரைவ் மூச்சு முட்டும்.

விண்டோஸ் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஃபைல்களை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும் வசதி விண்டோஸ் 8 காலத்திலிருந்தே உள்ளுக்குள் இருக்கிறது. புரோகிராம்கள் போய்விடும், நம் ஆவணங்கள் இருக்கும். அதுவும் வேலை செய்யாத நிலை வந்தால்கூட, பென்டிரைவிலிருந்து பூட் செய்து, ஃபார்மேட் கொடுக்காமல் அதே பார்ட்டிஷனில் விண்டோஸைப் போடலாம். பழையது எல்லாம் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அது அங்கேயே இருக்கும் என்று நம்பி விட்டுவிடக் கூடாது, விண்டோஸே சில நாளில் அதைத் துடைத்துவிடக்கூடும். முதல் வேலையாக நம் ஃபைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஒன்றாக விடுவதில் இன்னொரு சுகம் இருக்கிறது, அது தினமும் கண்ணில் படும். ஒரே பார்ட்டிஷனுக்குள் ஒரு ஃபைலை கட் செய்து வேறு ஃபோல்டரில் பேஸ்ட் செய்தால், அது 60 ஜிபி வீடியோவாக இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஃபைல் நகர்வதே இல்லை, முகவரிச் சீட்டு மட்டும் மாறுகிறது. அதே 60 ஜிபியை டி யிலிருந்து ஈ க்கு மாற்றிப் பாருங்கள். ஒரு ஊசி தகட்டின் ஒரு பகுதிக்கு ஓடிப் படிக்க வேண்டும், இன்னொரு பகுதிக்கு ஓடி எழுத வேண்டும், திரும்ப ஓடிவர வேண்டும். காது கொடுத்தால் கரகரவென்று கேட்கும். நொடிக்கு 150 எம்பி படிக்கிற டிஸ்க் இந்த ஓட்டத்தில் 60 எம்பிக்கு இறங்கினால் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாமே சுவர் எழுப்பிவிட்டு, சுவரைச் சுற்றி நடந்துகொண்டிருப்போம்.

சி, டி என்று இரண்டாக

இதற்குத்தான் உண்மையான காரணம் ஒன்று இருக்கிறது. ஒரே பெரிய டிஸ்க், 1 டிபிக்கு மேல், அதிலேயே விண்டோஸும் இருக்கிறது என்றால் நானும் இரண்டாகத்தான் பிரிப்பேன்.

காரணம் ஃபார்மேட் இல்லை, இமேஜ். விண்டோஸையும் எல்லா புரோகிராம்களையும் போட்டு, டிரைவர், பிரிண்டர், எழுத்துரு எல்லாம் சரிசெய்து ஒரு நல்ல நிலைக்குக் கொண்டுவந்ததும், சி டிரைவை அப்படியே படம்பிடித்து வெளி டிஸ்க் ஒன்றில் வைத்துவிடலாம். பின்னால் ஏதாவது கெட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அன்றைய நிலைக்குத் திரும்பலாம். சி டிரைவில் விண்டோஸும் புரோகிராமும் மட்டும் இருந்தால் அந்த இமேஜ் 80 ஜிபி இருக்கும். போட்டோவும் வீடியோவும் அங்கேயே குவிந்திருந்தால் 700 ஜிபி. 80 ஜிபி இமேஜை மாதம் ஒருமுறை எடுப்போம். 700 ஜிபி இமேஜை ஒருதரம் எடுப்போம், அடுத்த முறை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்போம். தவிர, இமேஜைத் திரும்பப் போடும்போது சி டிரைவ் முழுக்கப் பழைய தேதிக்குப் போகும். டி யில் இருக்கும் நேற்றைய போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது. ஆயுள் வேறு வேறான இரண்டு பொருளுக்கு நடுவில் சுவர் நிற்கிறது, அதனால் அது நியாயமான சுவர்.

சி க்கு எவ்வளவு? விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் 64 ஜிபி. அதை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. கம்ப்யூட்டரை உறங்க வைக்கும்போது ரேமில் இருப்பதைக் கொட்டி வைக்கும் ஹைபர்னேஷன் ஃபைல் வழக்கமாக ரேமில் சுமார் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும், 16 ஜிபி ரேம் என்றால் 6 ஜிபிக்கு மேல். ரேம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ் ஃபைல் தனி. பெரிய அப்டேட் வரும்போது பழைய விண்டோஸை ஒரு ஓரத்தில் வைத்துக்கொண்டே புதியதை இறக்கும், அதற்கு இருபது முப்பது ஜிபி காலியாக வேண்டும். என் கணக்கு எளிது: இப்போது சி யில் நிரம்பியிருப்பது எவ்வளவு என்று பார்த்து (போட்டோ, வீடியோவைக் கழித்துவிட்டு) அதை இரண்டால் பெருக்குவேன். எப்படிப் பார்த்தாலும் 150 ஜிபிக்குக் கீழே போக மாட்டேன். பெரிய கேம்கள் ஆடுபவர்கள் அவற்றை டி யில் போட்டுக்கொள்ளலாம், அழிந்தால் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளும் பொருள்தானே.

இங்கே நிறையப் பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். டி டிரைவை உருவாக்குவார்கள், ஆனால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் சி யிலேயே இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் சி நிரம்பி வழியும், டி யில் ஒரு பழைய படமும் இரண்டு டிரைவர் ஃபைலும் இருக்கும். அந்த ஃபோல்டர்களை டி க்கு மாற்றினால்தான் பிரித்ததற்குப் பலன். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், லொகேஷன், மூவ். ஒரு எச்சரிக்கை: முதலில் டி யில் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். வெறும் டி டிரைவையே காட்டிவிட்டால், முழு டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டராக மாறி நிற்கும், திரும்ப எடுக்க வழி தேட வேண்டியிருக்கும். ஒருமுறை அதில் மாட்டி ஒரு சாயங்காலம் போனது எனக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரவுசரின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, மெயில் புரோகிராமின் தபால் பெட்டி போன்றவை பெரும்பாலும் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில், சி யில்தான் இருக்கும். "டி இருக்கே" என்ற தைரியத்தில் சி யை ஃபார்மேட் அடித்தவர்கள் இழப்பது போட்டோவை இல்லை, இவற்றைத்தான்.

சுவரை நகர்த்துவது

ஊகம் தப்பிவிட்டது, சி யைப் பெரிதாக்க வேண்டும் என்று வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் ஒரு டிரைவை வலப்பக்கம் ஒட்டியபடி இருக்கும் காலி இடத்துக்குள் மட்டுமே நீட்டும். டி யைச் சுருக்கினால் காலி இடம் டி யின் வலக்கோடியில் தோன்றும், சி அதைத் தொட முடியாது. நடுவில் டி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே டி யில் உள்ளதை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, டி யை அழித்து, சி யை நீட்டி, டி யைப் புதிதாக உருவாக்கித் திரும்பக் கொட்ட வேண்டும். அல்லது ஜிபார்ட்டெட் போன்ற கருவியால் டி யின் இடது எல்லையைத் தள்ள வேண்டும். இடது எல்லையைத் தள்ளுவது என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் தூக்கி வைப்பது. நான் 400 ஜிபி டேட்டா இருந்த பார்ட்டிஷனை அப்படி நகர்த்தினேன். ஏழு மணி நேரம் என்று திரையில் காட்டியது. இரவு முழுக்க நடுநடுவே எழுந்து வந்து பட்டையைப் பார்த்துவிட்டுப் போனேன். கரண்ட் போகவில்லை, பிழைத்தேன்.

சுருக்குவதிலும் ஒரு தடை உண்டு. 300 ஜிபி காலியாக இருக்கும் டிரைவில் 40 ஜிபிதான் சுருக்க முடியும் என்று சொல்லும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கும். ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து பார்த்தால் பெரும்பாலும் வழிவிடும்.

சி க்கு வலப்பக்கம் டி யே இல்லாவிட்டாலும் வேறொன்று நிற்கலாம். விண்டோஸே தனக்கென்று சில நூறு எம்பி அளவில் ரெகவரி பார்ட்டிஷன் ஒன்றைப் போட்டுக்கொள்ளும், அதன் இடம் வழக்கமாக சி க்கு அடுத்தபடி. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10 க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட் பல கம்ப்யூட்டர்களில் ஏறவில்லை, காரணம் அந்த ரெகவரி பார்ட்டிஷனில் இடம் போதவில்லை. அதைக் கையால் 250 எம்பி பெரிதாக்கிக்கொள்ளுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் வழிமுறை கொடுத்தது. விண்டோஸை எழுதியவர்களுக்கே அளவு ஊகிக்க வரவில்லை, நாம் எம்மாத்திரம்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்று: புது டிஸ்க்கில் முழு இடத்தையும் முதல் நாளே பங்கு போடுவதில்லை. கடைசி டிரைவுக்கு வலப்பக்கம் கொஞ்சம் கறுப்பாகவே விட்டுவிடுவேன். தேவை வந்தால் நீட்டுவது ஒரு நிமிட வேலை, ஃபைல் எதுவும் நகராது. வேறு தேவை வந்தால் அங்கே புது பார்ட்டிஷன் போடலாம்.

நாலு, ஐந்து, ஆறு

அக்கா மகன் கேட்ட வகை. பொருள் பிரித்து வைக்க என்றால் ஃபோல்டருக்கு மேலே பார்ட்டிஷன் ஒன்றும் தருவதில்லை, மேலே சொன்ன தொல்லைகளைத் தவிர. மூன்றாவது பார்ட்டிஷனுக்கு நான் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் இரண்டு.

ஒன்று, பூட்டு. விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் ஒவ்வொரு டிரைவாகத்தான் பூட்டும். கணக்கு வழக்கு, அடையாள ஆவணம் இருக்கும் பகுதியை மட்டும் தனிச் சாவியில் வைக்க நினைத்தால் அது தனி டிரைவாக இருப்பது வசதி. இரண்டாவது, உச்சவரம்பு. கண்காணிப்புக் கேமரா பதிவு, விடாமல் டவுன்லோடு செய்யும் புரோகிராம் போன்றவை இடம் கொடுத்தால் கொடுத்த அளவுக்கு விழுங்கும். அவற்றைத் தனி அறையில் அடைத்தால் அந்த அறை நிரம்புவதோடு நிற்கும், விண்டோஸின் கழுத்தைப் பிடிக்காது.

வேகத்துக்காகப் பிரிக்கிறேன் என்பவர்களும் உண்டு. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தகட்டின் வெளி விளிம்பு ஒரு சுற்றில் அதிக டேட்டாவைக் கடக்கும், உள் விளிம்பில் வேகம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். முதல் பார்ட்டிஷன் வெளி விளிம்பில் அமையும். ஆகவே விண்டோஸை ஹார்டு டிஸ்க்கிலேயே போட வேண்டிய கட்டாயம் இருந்தால் அதை முதலில் போடுங்கள். ஆனால் ஊசி போய்ச் சேரவும் தகடு சுழன்று வரவும் ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு மில்லி நொடி ஆகும் ஒரு கருவியில் இதெல்லாம் ஒட்டுவேலை. சின்ன எஸ்எஸ்டி ஒன்றில் விண்டோஸைப் போட்டுவிட்டால் இந்தப் பேச்சே முடிந்தது. எஸ்எஸ்டியில் வெளி விளிம்பும் இல்லை, உள் விளிம்பும் இல்லை. பார்ட்டிஷன் எங்கே இருந்தாலும் வேகம் ஒன்றுதான், தேய்மானத்தையும் அதன் கன்ட்ரோலர் முழு டிஸ்க்குக்கும் பகிர்ந்துகொள்ளும்.

லினக்ஸும் வேண்டும் என்றால்

இங்கே சுவர் கட்டாயம், ஏனென்றால் இரண்டும் வேறு வேறு ஃபைல் சிஸ்டம். முதலில் விண்டோஸ், வலப்பக்கம் காலி இடம், பிறகு அதில் லினக்ஸ். இந்த வரிசையை மாற்றினால் பூட் மெனுவைச் சரிசெய்ய ஒரு நாள் போகும்.

லினக்ஸும் அதன் புரோகிராம்களும் இருக்கும் ரூட் பகுதிக்கு 50, 60 ஜிபி தாராளம். நம் ஃபைல்கள் இருக்கும் ஹோம் தனியாக வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு கட்சி. மாதம் ஒரு லினக்ஸ் மாற்றிப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் தனியாக வையுங்கள், ரூட்டைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டாலும் ஹோம் அப்படியே இருக்கும். ஒன்றையே பிடித்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருப்பதே நிம்மதி. ரேம் போதாதபோது பயன்படும் ஸ்வாப்புக்குத் தனி பார்ட்டிஷன் போட வேண்டும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். உபுண்டு 17.04 முதலே வழக்கமான முறையில் ஸ்வாப் ஒரு ஃபைலாகத்தான் வருகிறது. ஃபைல் என்றால் நினைத்தபோது பெரிதாக்கலாம், இன்னொரு ஊகம் மிச்சம்.

இரண்டு பக்கமும் பயன்படுத்தும் டேட்டாவுக்கு ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் வைக்கலாம், லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதும். ஒரே நிபந்தனை, விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக உறங்காமல் அரைத் தூக்கத்தில் இருக்கும், லினக்ஸ் அந்த டிரைவை எழுத விடாமல் படிக்க மட்டும் திறக்கும். ஃபைலைச் சேமிக்க முடியவில்லையே என்று லினக்ஸைத் திட்டுபவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் இதுதான். டேட்டாவுக்கே லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையை வைப்பவர்கள் கவனிக்க ஒன்று: அது வழக்கமாக 5 சதவீதத்தை நிர்வாகிக் கணக்குக்கென்று (அதற்கும் பெயர் ரூட்தான்) ஒதுக்கிவிடும். 1 டிபியில் 50 ஜிபி. சிஸ்டம் இல்லாத டேட்டா டிஸ்க்கில் அந்த ஒதுக்கீட்டைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் மட்டுமே என்றால் சுவர் இல்லாமலே பிரிக்கலாம். பெடோரா தன் டெஸ்க்டாப் பதிப்பில் 2020 இல் வந்த 33 முதல் பிடிஆர்எஃப்எஸ் முறையை இயல்பாக வைத்திருக்கிறது. அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனி, ஆனால் காலி இடம் பொது. யாருக்கு வேண்டுமோ அவர் எடுத்துக்கொள்ளலாம். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் திரைச்சீலை தொங்குகிறது, அவ்வளவுதான். 2017 இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ்ஸும் இதே வழிதான். விண்டோஸ் வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி எளிதாக ஒன்று இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை, அதனால்தான் நாம் இன்னும் ஜிபி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொடங்கும்போது கேட்கும் கேள்வி

புது டிஸ்க்கை முதலில் திறந்ததும் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் முறை எம்பிஆர் வேண்டுமா, ஜிபிடி வேண்டுமா என்று கேட்கும். ஜிபிடி. பழைய பயாஸ் முறையில் தொடங்கும் கம்ப்யூட்டரில் அதே டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆக வேண்டும் என்றால் மட்டும் எம்பிஆர். எம்பிஆர் 1983 காலத்துச் சரக்கு. அதன் கணக்கு 512 பைட் கட்டங்களை 32 பிட் எண்ணில் எண்ணுவதால் 2.2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. 4 டிபி டிஸ்க்கில் கிட்டத்தட்டப் பாதி கையில் சிக்காது. நாலு பிரைமரி பார்ட்டிஷன்தான் என்ற கட்டுப்பாடு வேறு. ஜிபிடியில் விண்டோஸ் 128 வரை அனுமதிக்கிறது, பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் இருக்கும், முன்பக்கம் கெட்டால் அதிலிருந்து மீட்கலாம்.

ஃபார்மேட்: விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். கழற்றி மேக்கிலும் செருகப்போகும் வெளி டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட், ஆனால் அதைச் சொல்லாமல் பிடுங்கக் கூடாது, பாதி எழுதியதைச் சமாளிக்கும் குறிப்பேடு அதற்குக் கிடையாது. ஃபேட்32 இல் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, ஒரு முழுநீள வீடியோவிலேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். "விண்டோஸ் எதில் இருக்கு?" என்று நான் கேட்டிருக்க வேண்டும் முதலில். பழைய எஸ்எஸ்டியில் இருக்கிறதாம், 500 ஜிபி, பாதி காலி. அப்படியென்றால் சுவர் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு டிஸ்க்குக்கும் நடுவில். புது டிஸ்க்கைப் பிரிக்க ஒரு காரணமும் இல்லை. லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிப்பதாகக் கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான், அதற்காக ஓர் ஓரம் விட்டு வைக்கச் சொன்னேன்.

அன்று ராத்திரி திரைப்படம் ஒன்றை அனுப்பினான், ஸ்கிரீன்ஷாட்டைச் சொல்கிறேன். ஜிபிடி, 1500 ஜிபிக்கு ஒரே டி டிரைவ், பெயர் 'கிடங்கு'. உள்ளே படம், பாட்டு, போட்டோ, படிப்பு என்று நாலு ஃபோல்டர். வலப்பக்கம் 363 ஜிபி கறுப்பாகவே கிடந்தது. "இது சும்மா இருக்கிறதைப் பார்த்தா கை அரிக்குது மாமா" என்று கீழே எழுதியிருந்தான்.